திரைச்சீலையில் தைத்த முகமூடி

அந்த முகமூடியைப் பச்சைத் துணியில் தைத்தது பற்றி என் கணவர் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். வீட்டில் வேறு துணி இல்லை என்றிருப்பேன், பிள்ளை விளையாட்டுக்குத் தைத்ததுதானே என்றிருப்பேன். அவர் கேட்காததால் அந்தப் பதில்களை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். முதலாவது பொய். என் டிரங்குப் பெட்டியின் அடியில் சிவப்புச் சீட்டித் துணி இருந்தது. தீபாவளிக்கு ரவிக்கை தைக்கலாம் என்று வைத்திருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவையிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. அங்கே பள்ளிக்கூடத்தில் நான் படிப்பிக்கிறேன். கணவர் ஸ்டோரில் கணக்கெழுதும் கிளாக்கர். தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் ஸ்டோர் என்பார்கள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, இனி இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்தவள் எங்கள் மகள். அவள் தும்மினால் நான் எழுந்து நிற்பேன். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கப் போனால் வழுக்கும் என்பேன். கொழுந்து லொறி வரும் பாதையில் நடக்காதே என்பேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் என்னைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள் என்று தெரியும். இவ்வளவுக்கும் பயந்த நான், பயப்பட வேண்டிய ஒன்றை என் தையல் மெஷினில் நானே தைத்துக் கொடுத்தேன்.

சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஹட்டனுக்குப் படம் பார்க்கப் போயிருந்தோம். சாமி படம் என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள். கொட்டகை நிறைந்துவிட்டது. எங்கள் தோட்டத்து ஆட்களே கால்வாசி இருந்தார்கள். விளக்கை அணைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது கொட்டகைக்காரர் திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ரீல் பெட்டி வரலைங்க. ரயில் பாதையில மண்ணு சரிஞ்சு கெடக்காம். வேற ஒரு படம் இருக்கு, இங்கிலீஷு. குஸ்தி இருக்கு, பேய் இருக்கு. பார்க்கிறவங்க உக்காருங்க. சாமி படந்தான் வேணும்னா அடுத்த ஞாயித்துக்கிழமை இதே டிக்கெட்டோட வாங்க."

"குஸ்தியும் பேயும் ஒரே படத்துலயா?" என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

"அதான் தெனமும் வீட்டுலயே பார்க்கிறியே, ஒனக்கெதுக்குடா படம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எழுந்தவரின் மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வரிசையே சிரித்தது. திரும்பிப் போக யாருக்கும் மனமில்லை. இவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தாயிற்று. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

அது மெக்சிக்கோ நாட்டுப் படம். அவர்கள் பேச்சை எடுத்துவிட்டு அதன் மேல் இங்கிலீஷை வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் வாய் ஒரு பக்கம் போக, பேச்சு இன்னொரு பக்கம் வந்தது. கதாநாயகனுக்கு மட்டும் அந்தக் குறை தெரியவில்லை. அவன் தலை முழுவதையும் மூடி, பின்னால் நாடா கட்டிய ஒரு முகமூடி போட்டிருந்தான். கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் மட்டும் ஓட்டை. முதலில் ஒரு மேடையில் குஸ்தி போட்டான். பிறகு அதே முகமூடியோடு கோட்டும் டையும் கட்டிக்கொண்டு கார் ஓட்டிப் போனான். அந்த ஊரில் ஒரு பழைய பிரபு செத்தும் சாகாமல், கல்லறையிலிருந்து எழுந்து வந்து பெண்களின் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருந்தான். அவனைத் தீர்க்கப் போலீசால் முடியவில்லை. குஸ்திக்காரனைத்தான் கூப்பிட்டார்கள்.

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது ஊருக்குத் தெரியும். முன்வரிசையும் பின்வரிசையும் என்னை விடவில்லை.

"டீச்சர், இப்ப என்ன சொல்றான்?"

"டீச்சர், அந்தப் பொம்பளை செத்துட்டாளா, மயக்கந்தானா?"

"இவன் காருல போறப்பகூட அதைக் கழட்ட மாட்டானா? சோறு எப்படிங்க திங்கிறான்?"

"வாய்க்கு ஓட்டை இருக்குல்ல. ஒனக்கு அதுதான் கவலை."

"இல்லடா, பொஞ்சாதி எப்படி அடையாளம் கண்டுபிடிப்பா?"

நான் எனக்குப் புரிந்ததைச் சொன்னேன், புரியாத இடத்தில் பொருத்தமாக எதையாவது சேர்த்தேன். அவன் காரில் ஒரு பெட்டி இருந்தது. யாருக்காவது ஆபத்து வந்தால் அதில் மணி அடிக்கும். அவன் அதை எடுத்து ஏதோ ஒரு வரி கேட்பான். சத்தத்தில் எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை. "யாருக்கு ஆபத்து?" என்று கேட்கிறான் என்று சொல்லிவிட்டேன். அடுத்த முறை மணி அடித்தபோது கொட்டகையில் பாதிப் பேர் அவனுக்கு முந்திக்கொண்டு, "யாருக்கு ஆபத்து?" என்று கத்தினார்கள். என் மகள் என் மடியில் ஏறி நின்று கத்தினாள். எனக்கு அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

அப்போதுதான் அவள் கேட்டாள். "அம்மா, அவரு ஏன் அதைக் கழட்டவே மாட்டேங்கிறாரு? நண்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாகூடத் திரும்பலையே?"

படத்தில் அப்படி ஏதும் நடந்ததா என்றுகூட எனக்கு நினைவில்லை. முன்வரிசைக்காரர் வேறு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும் அவசரத்தில், அவளுக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னால் சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

மாசி மாதம் எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். அதில் வீரபத்திரன் வேஷம் கட்டுகிறவர் கவ்வாத்து வெட்டும் ஒரு தொழிலாளி. மற்ற நாளில் தேயிலைச் செடிகளின் தலையைக் கத்தியால் வெட்டிவிடுவது அவர் வேலை. முகத்தில் சிவப்பு ஏறிவிட்டால் பிறகு அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் அவர் திரும்பக் கூடாது. திரும்பினால் அவர் மேல் வந்து இறங்கியது போய்விடும் என்பது எங்கள் தோட்டத்து வழக்கம். அவருடைய மனைவிகூட லயத்து வாசலில் நின்று, "சாமி, சோறு ஆறுதுங்க" என்றுதான் கூப்பிடுவாள். அவர் முகம் கழுவியதும் அதே வாயால் வேறு மாதிரிக் கூப்பிடுவாள். அது லயம் முழுக்கக் கேட்கும்.

"நம்ம வீரபத்திரன் சாமி மாதிரிதான்" என்று மகளிடம் சொன்னேன். "போட்டிருக்கிற வரைக்கும் அவரு பயில்வான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டா திரும்பக் கூடாது. திரும்பினா பலம் போயிடும்."

அவள் தலையாட்டிவிட்டுப் படத்தைப் பார்த்தாள். செத்த பிரபு கல்லறைக்குள் எரிந்து சாம்பலானபோது என் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே முகமூடி வேண்டும் என்றாள். படம் கறுப்பு வெள்ளை. நிஜத்தில் அது என்ன நிறம் என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய கூட்டாளி, லயத்தில் கொழுந்து எடுக்கும் ஒருத்தியின் மகள், சிவப்புதான் என்று அடித்துச் சொன்னாள். வீரபத்திரன் சிவப்பு என்றால் பயில்வானும் சிவப்பாகத்தானே இருக்க வேண்டும்? என் மகளுக்கும் சிவப்பு பிடித்திருந்தது. நான் சிவப்புத் துணி இல்லை என்றேன். முன்னறையில் தொங்கிய பச்சைத் திரைச்சீலை ஓரத்தில் நைந்து போயிருந்தது. அதை வெட்டித் தைத்தேன். தேயிலைப் பச்சை. முற்றிய இலையின் அடர்ந்த பச்சை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு புதிய ஒழுங்கு வந்தது. முகமூடி போட்டிருந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நான் சமையலறையிலிருந்து, "பயில்வானே!" என்பேன்.

"யாருக்கு ஆபத்து?"

"சோத்துக்குத்தாங்க. ஆறிப்போவுது."

இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிதானமாக நடந்து வருவாள். என் கணவர் ஒருமுறை மறந்துபோய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் ஜன்னலைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். அவர் எழுந்து வந்து கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிக்கணுங்க பயில்வானே, செருப்பைக் காணோம், கொஞ்சம் தேடித் தருவீங்களா?" என்றதும்தான் திரும்பினாள். நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. பயில்வான் சிரிக்க மாட்டாராம்.

இது விளையாட்டு என்று இருந்தவரை சரி. வைகாசியில் அவளுக்கு முழங்காலில் ஒரு கட்டி வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் அதைக் கீறிவிட வேண்டியிருந்தது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கை பதமான மனிதர். ஆனாலும் அவருடைய கத்தியைப் பார்த்ததும் அவள் அலறத் தொடங்கினாள். எனக்கு அவள் அழுகையைத் தாங்க முடியாது. பையிலிருந்து முகமூடியை எடுத்து மாட்டிவிட்டேன். "பயில்வான் அழ மாட்டாரு" என்றேன். அழுகை அப்படியே நின்றது. கட்டியைக் கீறிச் சீழெடுக்கும் வரை ஒரு சத்தம் இல்லை. மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

"இது நல்ல மருந்தாக் கிடக்குது ரீச்சர்" என்றார் மருந்துக்காரர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதற்குப் பிறகு பேதி மருந்துக்கு, தலையில் சிக்கெடுப்பதற்கு, நான் பள்ளிக்கூடத்து வேலையை வைத்துக்கொண்டு உட்காரும்போது தொந்தரவு இல்லாமல் இருப்பதற்கு என்று எல்லாவற்றுக்கும் அந்த முகமூடியைத்தான் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை அழாதது எனக்கு வசதியாக இருந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று நான் பார்க்கவில்லை. துணி மறைத்திருந்தது.

ஆடி மாதத்தில் எனக்குத் தலைசுற்றல் வந்தது. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருந்துக்காரர் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ரத்தம் காணாது ரீச்சர். ஈரல் சாப்பிடுங்கோ, கீரை சாப்பிடுங்கோ" என்று ஒரு போத்தல் மருந்து கொடுத்தார். அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கணவர் கவலையோடு கேட்டார்: "இருந்த ரத்தமெல்லாம் எங்க போச்சு?"

எங்கள் தோட்டத்தின் உச்சியில், டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே, அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை ஒருவரின் கல்லறை இருக்கிறது. கம்பி வேலி போட்டு, மேலே சிலுவை நட்டது. கல் ஒரு பக்கம் வெடித்துப் போயிருக்கும். பிள்ளைகள் துரைக்குழி என்பார்கள்.

"தொரை குழியிலேருந்து எந்திரிச்சு வந்து குடிச்சிட்டுப் போறான் போல" என்றேன் நான்.

கணவர் சிரித்தார். மகளின் கை தட்டின் மேலே அப்படியே நின்றது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

அது நடந்து சில நாளில், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, நான் முன்னறையில் பிள்ளைகளின் கணக்குகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் முகமூடி போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் நின்றிருப்பாள் போலிருக்கிறது. ஏதாவது கேட்பாள், கேட்டால் வேலை கெடும் என்று நான் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது வாசலில் ஆள் இல்லை. பனிமூட்டம் படிக்கட்டு வரை வந்துவிட்டிருந்தது. எங்கள் மலையில் மூட்டம் வந்தால் எதிரில் நீட்டிய கை தெரியாது. அப்போதும் நான், லயத்துக்குத்தான் போயிருப்பாள் என்று அடுத்த கணக்கைத் திருத்தினேன்.

அவளுடைய கூட்டாளி தனியாக வந்து எட்டிப் பார்த்தபோதுதான் நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"டீச்சர், பயில்வான் எங்க?"

"உன்கூட இல்லையா?"

"தொரைக்குழிக்குப் போவோம்னு கூப்பிட்டுச்சு. நா வரலேன்னுட்டேன். அம்மா ஏசும். பயில்வான் தனியாப் போயிருச்சா?"

"என்னடி பயில்வான், பயில்வான்! அவளுக்குப் பேரு இல்ல?" என்று அந்தப் பிள்ளை மேல் பாய்ந்தேன். அவள் பயந்து பின்னால் போனாள். "நீ வீட்டுக்குப் போ. மூட்டத்துல நீயும் காணாமப் போயிடாத."

அவளை நான் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். எப்படிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஸ்டோருக்கு ஆள் அனுப்பினேன். கணவர் ஓடி வந்தார். லயத்திலிருந்து ஆட்கள் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். வீரபத்திரன் வேஷம் கட்டுகிறவர் கவ்வாத்துக் கத்தியோடு முன்னால் நடந்தார், பாதையை மறைத்த கொடியை வெட்டுவதற்காக. யாரோ தப்புப் பறை அடித்தார்கள். மலைக்கு மலை பிரிந்து கூப்பிட்டார்கள். "பாப்பா! பாப்பா!" என்றும் பெயரைச் சொல்லியும் ஆண்களின் குரல். நடுவில் நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பெயரின் கடைசி எழுத்தை நீட்டி நீட்டிக் கூப்பிட்டேன். ஈரத் துணியைச் சுவரில் அடித்தது போலச் சத்தம் பக்கத்திலேயே விழுந்தது.

துரைக்குழியில் அவள் இல்லை. வெடித்த கல்லின் இடுக்கில் புதிதாகச் சிறு சிறு கற்கள் திணிக்கப்பட்டிருந்தன. அதைப் பார்த்ததும் வந்து போயிருக்கிறாள் என்று தெரிந்தது. எங்கே போனாள் என்று தெரியவில்லை. இறங்கும் பாதை முழுவதும் வழுக்கல். பாதையின் இரண்டு பக்கமும் கான் வெட்டியிருக்கும். மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமல் ஓடுவதற்கான வாய்க்கால். அந்தப் பழைய மலையில் கான் ஆளுயரம் இருக்கும், மேலே புல்லும் தேயிலையும் படர்ந்து மூடியிருக்கும். அந்தக் கானுக்குப் பக்கத்தில் நாங்கள் ஏறினோம், இறங்கினோம், திரும்ப ஏறினோம். கீழே குனிந்து பார்த்தார்கள். எல்லாம் பச்சையாகத்தான் தெரிந்தது.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. மழை தூறத் தொடங்கியது. கான்களில் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. மழை பிடித்தால் அந்தத் தண்ணீர் எப்படி வரும் என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கணவர் இன்னொரு பக்கம் ஓடினார். எனக்குத் தலை சுற்றியது. ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பயம் எனக்குள் எப்போது கோபமாக மாறியது என்று தெரியாது.

"இப்ப நீ வரலைன்னா அந்த முகமூடியைக் கிழிச்சு அடுப்புல போட்டுருவேன்! கேக்குதா? அடுப்புல போட்டுருவேன்!"

என் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் எனக்குக் கேட்டது. முகமூடி. அவள் அதைப் போட்டிருக்கிறாள். போட்டுக்கொண்டு இந்த மலையில் எங்கோ இருக்கிறாள். நான் இவ்வளவு நேரமாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். திரும்பக் கூடாது, திரும்பினால் பலம் போய்விடும் என்று சொல்லிக் கொடுத்தவள் நான். அழக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

தப்படிப்பதை நிறுத்தச் சொன்னேன். எல்லோரையும் வாயை மூடச் சொன்னேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"பயில்வானே!"

தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"பயில்வானே! எங்க இருக்கீங்க?"

நான் நின்ற இடத்துக்குக் கீழே, என் காலடியில் என்றே சொல்லலாம், புல்லுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. நடுங்கிக்கொண்டு, ஆனால் அந்தப் படத்தில் கேட்டது போலவே கனமாகப் பேச முயன்றுகொண்டு.

"யாருக்கு ஆபத்து?"

நான் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். "எனக்குத்தாங்க. எனக்குத்தான் ஆபத்து. எங்க இருக்கீங்க, சொல்லுங்க."

"கான்ல. காலு வரமாட்டேங்குது."

வீரபத்திரன் வேஷக்காரர் புல்லை இரண்டு வெட்டில் விலக்கிவிட்டு உள்ளே இறங்கினார். அவருக்கு முழங்கால்வரை தண்ணீர். தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். பச்சை முகம் ஈரத்தில் கறுத்திருந்தது. ஓட்டைகளுக்குள் கண்கள் என்னைப் பார்த்தன. கால் முழங்காலுக்குக் கீழே திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"நாங்க இந்த வழியா எத்தனை தடவை போனோம் பாப்பா, ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டார் அவர்.

அவள் அவருக்குத்தான் பதில் சொன்னாள், இந்த விஷயம் தெரிந்த ஒருவருக்குச் சொல்வது போல. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் அவருக்குக் கடன்பட்டிருக்கிறேன்.

அவளை மருந்துக்காரரிடம் தூக்கிப் போனோம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கொழுந்து லொறி வருவதற்குள், அவர் காலை நேராக்கித் தேயிலைப் பெட்டிப் பலகை வைத்துக் கட்ட வேண்டும் என்றார். ஈர உடையை மாற்றும்போது முகமூடியைக் கழற்றியிருந்தேன். உதடு நீலமாக இருந்தது. கழுத்தில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது.

"அம்மா, இனிமே தொரை வரமாட்டான். ஓட்டையைக் கல்லு வச்சு அடைச்சிட்டேன்" என்றாள். "ஒனக்கு ரத்தம் ஊறிடும்."

என் கணவர் வெளியே போய் நின்றார்.

"கொஞ்சம் நோகும். இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர்" என்றார் மருந்துக்காரர்.

அவள் மேசையில் கிடந்த முகமூடிக்குக் கை நீட்டினாள். "அம்மா, அதைப் போட்டுக்கவா?"

சரி என்றால் அவள் அழ மாட்டாள். வலி முழுவதும் உள்ளே போய்விடும். வேண்டாம் என்றால், அந்த நேரத்தில் அவளிடமிருந்த ஒரே பலத்தையும் நான் பிடுங்கியதாக ஆகும். எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. அந்த ஈரத் துணியை எடுத்து என் தலையில் மாட்டினேன். அவள் அளவுக்குத் தைத்தது. மூக்குக்கு மேல் இறங்கவில்லை. ஒரு கண் மட்டும் ஓட்டைக்கு நேரே வந்தது. சேற்றின் வாடை அடித்தது.

"என்ன ரீச்சர் இது?" என்றார் மருந்துக்காரர், பலகையைக் கையில் வைத்துக்கொண்டு.

"இன்னைக்கு நான்தான் பயில்வான்" என்று அவளிடம் சொன்னேன். "நான் அழக் கூடாது. நீ அழலாம். எவ்வளவு வேணும்னாலும் அழு."

அவள் என்னையே பார்த்தாள். மருந்துக்காரர் காலைப் பிடித்து இழுத்தார். அவள் அலறினாள். வைகாசியில் அழாதது, கானுக்குள் அழாதது எல்லாம் சேர்ந்து வந்தது போல இருந்தது. "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு என் கையைக் கடித்தாள். வெளியே நின்ற ஆட்கள் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்து டீச்சர் பச்சைத் துணியைத் தலையில் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து அப்படியே பின்வாங்கினார்கள். பயில்வான் அழக் கூடாது என்பதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. துணி ஏற்கெனவே நனைந்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை.

எலும்பு கூடிவிட்டது. கட்டை அவிழ்த்த பிறகு அந்தக் கால் நூலளவு குட்டை என்றார்கள். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. படிக்கட்டில் அவள் இறங்கும்போது எனக்குக் கேட்கும், ஒரு அடி அழுத்தமாகவும் அடுத்தது கொஞ்சம் பிந்தியும்.

சிவப்புச் சீட்டியில் ரவிக்கை தைக்கவில்லை. அதை அவளுக்குச் சட்டையாகத் தைத்தேன். மழை நாளில் அதைத்தான் போடச் சொல்கிறேன். ஏன் என்று அவள் கேட்பதில்லை. பச்சை முகமூடியைத் துவைத்துக் காயவைத்து எடுத்து வைத்திருக்கிறேன். அவளும் அதைக் கேட்கவில்லை. ஹட்டன் கொட்டகைக்கு இன்னொரு குஸ்திப் படம் வந்திருக்கிறதாம் என்று போன வாரம் கூட்டாளி வந்து சொன்னாள். என் மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குப் படிக்க இருக்கு" என்றாள்.

இப்போதெல்லாம் நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், முதல் எழுத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எந்த மூலையிலிருந்தாலும், "வந்துட்டேம்மா!" என்று பதில் வந்துவிடுகிறது. என்ன வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வருகிறாள், அந்தக் கால் கொஞ்சம் பிந்தப் பிந்த. நான் சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொன்னால் நம்புவதில்லை. வாசற்படியில் நின்று, எனக்கு எங்கே அடிபட்டிருக்கிறது என்று தேடுவது போல, என்னை மேலும் கீழும் பார்க்கிறாள்.